இரண்டு சோடி

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை காலை எட்டரைக்கே மனோகரி வீட்டு யன்னல்களைச் சாத்தத் தொடங்கிவிட்டாள்.

முதலில் றோட்டுப் பக்கம். பிறகு கிணற்றடிப் பக்கம். கடைசியாகச் சாமி அறைக்கு வந்து, அங்கிருந்த ஒற்றை யன்னலுக்குக் கொளுக்கி போட்டாள். அது காணாதென்று இடுப்பில் கட்டிப் பழசான சாரம் ஒன்றை மடித்துக் கதவின் கீழ் இடுக்கிலும் திணித்தாள். மின்விசிறியையும் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, அவிஞ்சு சாகப்போறம்," என்றாள் நிலாந்தினி.

"அரை மணித்தியாலம்தானே. உந்தச் சோழகம் பனையளைப் பிடிச்சு உலுப்பிற உலுப்பிலை சோதினை சரிவராது. சத்தமில்லாத இடம் வேணும் எண்டு தர்சன் பத்துத்தரம் சொன்னவன்."

நிலாந்தினி சரவணையில் பிறந்து வளர்ந்து இருபத்தேழு வயதாகிவிட்டவள். சோழகக் காற்றில் பனைகள் பேயாட்டம் ஆடும், நித்திரை கொள்ள விடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளுக்கு அது ஒருபோதும் பெரிய சத்தமாகப் பட்டதில்லை. நல்ல நித்திரைக்காரி என்று வீட்டில் பெயர்.

குறிகட்டுவானில் அந்தச் சங்கதி நடந்து இன்றோடு எட்டு நாள். நயினாதீவு அம்மனைக் கும்பிட்டுவிட்டு லோஞ்சுப் படகில் வந்து இறங்கிய அப்பா ஐயாத்துரையை, அதே லோஞ்சில் பின்னால் வந்த, அவளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் தகப்பன் இறங்குதுறையில் வைத்துக் கூப்பிட்டார். ஒருதரம் இல்லை, மூன்று தரம். "சம்பந்தி! சம்பந்தி! ஐயாத்துரையண்ணை!" ஐயாத்துரையோ வேட்டித் தலைப்பைத் தூக்கிப் பிடித்தபடி நேரே போய் பஸ்ஸில் ஏறி, யன்னல் கரையில் இருந்துகொண்டார். பார்த்துக்கொண்டு நின்ற சனம் சும்மா விடுமா? ஊர்காவற்றுறையில் வங்கியில் வேலை செய்யும் மாப்பிள்ளை மிரோஜனுக்கு அன்று பின்னேரமே கதை போய்விட்டது: பொம்பிளையின் தகப்பனுக்கு இப்பவே தலைக்கனம்.

மனோகரி அதை மறுக்கவில்லை. அங்கேதான் அவளுடைய கெட்டித்தனம்.

"ஓம், அவர் உப்பிடித்தான். றோட்டிலை ஒருத்தரோடையும் நிண்டு கதைக்கமாட்டார்," என்று சம்பந்தி வீட்டுக்குப் போனில் சொன்னாள். போனை வைத்த பிறகு மகளுக்குச் சொன்னது வேறு.

"திமிர் எண்டு நினைச்சால் நினைக்கட்டும் பிள்ளை. திமிர் பிடிச்ச வீட்டிலை பொம்பிளை எடுப்பாங்கள். செவிட்டு வீட்டிலை எடுக்கமாட்டாங்கள்."

ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை கலியாண எழுத்து. பதிவாளர் வீட்டுக்கு வந்து, இரண்டு பகுதியையும் எதிரும் புதிருமாக இருத்திப் பெயர் ஊர் கேட்டு எழுதுவார். முப்பது பேர் பார்த்திருக்க ஐயாத்துரை மறுமொழி சொல்லவேண்டும். அன்றைக்குத் தலைக்கனம் உதவாது.

அதற்காகத்தான் சுவிஸில் இருக்கும் மூத்தவன் தர்சன் கொழும்பில் ஒரு கடையைத் தேடிப் பிடித்திருந்தான். கச்சான் கொட்டை அளவில் காதுக்குள் செருகுகிற மெஷின். டொக்டர் வேண்டாம், கிளினிக் வேண்டாம். போனில் ஒரு சோதனை செய்து, ஒரு படிவத்தையும் நிரப்பி அனுப்பினால், அதற்கேற்ற சத்தத்தை வைத்துக் கூரியரில் அனுப்புவார்கள். இன்று பின்னேரம் நாலு மணிக்குள் அனுப்பினால் வியாழக்கிழமை சாமான் கையில்.

"யாழ்ப்பாணத்திலை கிளினிக் இருக்குத்தானே அம்மா? காதைத் திறந்து பாத்து, அளந்து குடுப்பினம்." இந்தக் கிழமையில் நிலாந்தினி இதைக் கேட்டது நாலாவது தடவை.

"அந்த அறைக்குள்ளை ஆர் இருக்கிறது? சொல்லு."

அந்த அறைக்குள் இருப்பது பிரியவதனி, மிரோஜனின் கூடப் பிறந்த அக்கா. காதைச் சோதித்து அறிக்கை எழுதுவதே அவள் உத்தியோகம். தனியார் இடத்துக்குப் போனாலும் பின்னேரங்களில் அங்கேயும் அவள்தான் என்று மனோகரி விசாரித்து வைத்திருந்தாள்.

தீவில் பிறந்தவர்களுக்கு எதற்கும் வழி ஒன்றுதான். பாலம் ஒன்று, பஸ் ஒன்று, காது பார்க்கிற அறையும் ஒன்று. அந்த அறையின் வாசலில் சம்பந்தி வீடு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

"காதும் காதும் வைச்சமாதிரி முடிக்கவேணும்," என்றாள் மனோகரி. "படிவத்தை எடு."

படிவம் என்றால் நிலாந்தினிக்குக் கை தானாக ஒழுங்காகிவிடும். பிரதேச செயலகக் கந்தோரில் முன் கவுண்டரில் இருப்பவள் அவள். பாவித்த தாள்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒரு பால்மா ரின்னில் போட்டு வைத்திருப்பாள். யார் வந்து வாயைத் திறந்தாலும், "என்ன அலுவல் எண்டு இதிலை எழுதித் தாங்கோ" என்று ஒரு துண்டை நீட்டுவாள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் எழுதுவித்துக் கொடுப்பார்கள். சனம் அவளுக்கு வைத்த பெயர் 'துண்டுப்பிள்ளை'. மேலதிகாரியோ, அந்தக் கவுண்டரில் மட்டும் பிழையே வருவதில்லை என்று கூட்டத்தில் வைத்துப் புகழ்ந்தார்.

மிரோஜனுக்கும் அவளுடைய எழுத்தில்தான் பிடிப்பு. ஐந்து மாதமாக இருவரும் போனில் எழுதிக்கொள்கிறார்கள். 'எடுத்துக் கதைக்கவோ?' என்று அவன் கேட்கும்போதெல்லாம், 'எழுதுங்கோ, எனக்கு வாசிக்கத்தான் விருப்பம்' என்று எழுதிவிடுவாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அவன் தமக்கையிடம் பெருமைப்பட்டிருக்கிறான்.

நிலாந்தினி கேள்விகளை வாசித்தாள்.

"காதிலை எப்பவாவது நீர் அல்லது சீழ் வடிஞ்சதோ?"

"இல்லை எண்டு போடு."

"போன மாசியிலை தலையணை உறையெல்லாம்..."

"இல்லை எண்டு போடன்!"

"ஒரு காது மற்றதைவிட மோசமோ?"

"இல்லை."

"அம்மா! அப்பாவின்ரை இடது காதுக்குப் பக்கத்திலை வெடி கொளுத்தினாலும் திரும்பார்."

"உன்ரை கந்தோர் எண்டு நினைச்சியோ? உதை ஆர் வந்து பாக்கப்போறாங்கள்?"

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததை நிலாந்தினி இரண்டு தரம் வாசித்தாள். மேலுள்ள எதற்கேனும் 'ஆம்' என்றால் கருவி வாங்குமுன் வைத்தியரைக் காணவும். அளவு தவறிய சத்தம், மிஞ்சியிருக்கும் கேட்டலையும் கெடுக்கக்கூடும்.

அப்பாவுக்கு மிஞ்சியிருப்பது வலது காதில் கொஞ்சம். அதற்குள் வாயை வைத்துக் கத்தினால் ஏதோ போய்ச் சேரும். வீட்டில் அவரோடு இருக்கிற தொடர்பு அது ஒன்றுதான்.

"அளவு பிழைச்சால் இருக்கிறதும் போயிடுமாம் அம்மா."

"வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்குத்தானே. பிறகு கழட்டி அலுமாரிக்குள்ளை வைக்கட்டும்."

கொழும்புக் கடைக்காரரின் செய்தியும் போனில் இருந்தது. 'இரண்டு சோடிக்குமான சோதனை முடிவுகளை நாலு மணிக்கு முன் அனுப்பவும்.'

"ஏன் ரெண்டு சோடி?"

"ஒண்டு பழுதாப்போனால்? தீவுக்குள்ளை கிடந்துகொண்டு ஆரிட்டைக் கொண்டு ஓடுறது?"

அதுவும் சரிதான். மனோகரியின் வீட்டில் எந்தச் சாமானுக்கும் மாற்றுச் சாமான் ஒன்று இருக்கும்.

"முதலிலை நான் ஒருக்கால் செய்து பாக்கிறன். என்னெண்டு வேலை செய்யுது எண்டு தெரியவேணுமே," என்றாள் நிலாந்தினி.

மனோகரி மகளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். "ஓம். செய்," என்றாள்.

நிலாந்தினி இயர்போனைக் காதில் செருகி, போன் சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் தூரத்து லோஞ்சின் சங்கு மாதிரி ஒரு சத்தம். அமத்தினாள். பிறகு அதைவிட மெல்லியதாக ஒன்று. அமத்தினாள். அதற்குப் பிறகு இருட்டும் புழுக்கமும்தான். வியர்வை முதுகால் வழிந்தது. எப்போது அடுத்தது வரும் என்று காத்திருந்து காத்திருந்து, போன் நின்றுவிட்டதோ என்று கண்ணைத் திறந்தபோது திரையில் முடிவு வந்திருந்தது. இரண்டு கோடுகள், இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கிக்கிடந்தன. இரு காதுகளிலும் நடுத்தர அளவு கேட்டல் குறைவு.

"உந்த இயர்போன் சரியில்லை," என்றாள்.

"இருக்கும்," என்றாள் மனோகரி.

அடுத்தது ஐயாத்துரை. திருநீறும் வெறும் மேலுமாக வந்து, பிள்ளையார் படத்துக்கு முன்னால் போட்டிருந்த கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலாந்தினி அவருக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கோ!" என்று வலது காதுக்குள் கத்தினாள்.

"ஏன் பிள்ளை கத்திறாய்? எனக்கு எல்லாம் கேக்கும். கொம்மா பேசிறது மட்டும் கேக்காது. அது அம்மனிட்டை நேந்து வாங்கின வரம்."

"தொடங்கு, தொடங்கு," என்றாள் மனோகரி பல்லைக் கடித்தபடி.

ஐயாத்துரை விரலைத் தூக்கினார். மறுபடி தூக்கினார். பெரிய சத்தத்துக்கும் தூக்கினார், சின்னச் சத்தத்துக்கும் தூக்கினார். பிசகாமல், பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளைபோல. திரையில் முடிவு வந்தது: சாதாரணம்.

தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பாத்தியளே? மணி மாதிரிக் கிடக்கு காது," என்று ஐயாத்துரை எழும்பித் துவாயை உதறினார்.

நிலாந்தினிக்கு உள்ளூர ஒரு ஆறுதல். செவிடனுக்குச் சாதாரணம் என்றும் தனக்குக் குறைவு என்றும் சொல்கிற சாமான் சுத்தப் பொய்ச் சாமான். அப்படியென்றால் அந்தக் கோடுகளும் பொய்.

அந்த ஆறுதல் பத்து நிமிடம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குக் கதிரை சொல்லிவிட்டு வந்த சுலக்சன், ஓட்டோவை முற்றத்தில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். மனோகரியின் தமக்கை மகன். சங்கதியைக் கேட்டதும் தானும் செய்து பார்க்கவேண்டும் என்று அதே கதிரையில் குந்திவிட்டான்.

"சின்னம்மா, இதென்ன அறையோ பாண் சுடுற போறணையோ? என்னைப் பாணாக்கிப் போடுவியள் போலை."

"வாயை மூடு. சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு," என்றாள் நிலாந்தினி.

இரண்டு தரம் விரலைத் தூக்கியவன் திடீரென்று சிரிக்கத் தொடங்கினான்.

"நிலா, உதென்னடி, பிள்ளையாரின்ரை தும்பிக்கையிலை பச்சை லைற் எரியுது?"

நிலாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். படத்தின் கண்ணாடியில் அவள் கையிலிருந்த போன் அப்படியே தெரிந்தது. ஒவ்வொரு சத்தமும் போகும்போது திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மின்னுவதை அவள் கவனிக்கவே இல்லை. அவள் செய்தபோது கண்ணை மூடியிருந்தாள். அப்பா மூடவில்லை.

ஐயாத்துரை வாசலில் நின்று அவர்களுடைய முகங்களைப் பார்த்தார். பிடிபட்டது விளங்கிவிட்டது.

"பிள்ளையார் காட்டித் தந்தவர், நான் விரலைத் தூக்கினனான். எனக்கு உந்த மெஷினும் வேண்டாம் மண்ணும் வேண்டாம். ஷெல்லாலை போன காது போனிலை வருமே?"

மனோகரி அவருடைய துவாயாலேயே அவர் கண்ணைக் கட்டி மறுபடி இருத்தினாள். இந்தத் தடவை விரல் மடியிலேயே கிடந்தது. இடது காதுக் கோடு திரையின் அடியைத் தொட்டது.

பிறகு சுலக்சன் கண்ணை மூடிக்கொண்டு செய்தான். அதே போன். அதே இயர்போன். விரல் ஓயவில்லை.

"கடைசிச் சத்தம் நுளம்பு காதுக்குள்ளை பூந்தமாதிரி இருந்தது," என்றான். "உனக்கும் அப்பிடித்தானே கேட்டது?"

"ஓம்," என்றாள் நிலாந்தினி.

அவளுக்கு எந்த நுளம்பும் கேட்டிருக்கவில்லை.

சுலக்சன் போன பிறகு சாமி அறைக்குள் தனியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடி செய்தாள். அதே கோடுகள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மூன்றாம் தரமும் செய்தாள். கோடு அசையவில்லை.

குசினியில் மனோகரி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு ஷெல் விழுந்தது எப்ப?"

"தொண்ணூறிலை. இடம்பெயரேக்கை. எத்தினை தரம் சொல்லியாச்சு."

"சிவக்கொழுந்து மாமிக்கும் அதே ஷெல்தானோ?"

சிவக்கொழுந்து, ஐயாத்துரையின் ஒரே தங்கை. கலியாணம் கட்டாமலே இருந்து மூன்று வருடத்துக்கு முன் காலமானவள். அவளுக்கும் காது கேளாது.

"ஓம். அதே ஷெல்தான்."

"தொண்ணூறிலை மாமி கொழும்பிலை நிண்டு தையல் படிச்சவ எண்டு நீங்கள்தானே செத்தவீட்டிலை சொன்னீங்கள்?"

கத்தி நின்றது.

"எனக்கு மூண்டு தரமும் ஒரே கோடுதான் வந்தது. நான் பிறந்தாப்பிறகு எங்கடை வளவுக்குள்ளை ஒரு ஷெல்லும் விழேல்லையே அம்மா."

மனோகரி கத்தியை வைத்துவிட்டு, கதிரையைத் திருப்பி, மகளின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் நிலாந்தினிக்கு உறைத்தது. அம்மா ஒருநாளும் முதுகைக் காட்டிக்கொண்டு தன்னோடு கதைத்ததில்லை. அடுத்த அறையில் நின்று கூப்பிட்டதில்லை. வந்து, தோளைத் தொட்டு, நேரே பார்த்துத்தான் எதையும் சொல்லுவாள். அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள்.

"எங்கடை தாலிகட்டிலை ஐயர் சொன்ன ஒண்டும் அவருக்குக் கேக்கேல்லை," என்றாள் மனோகரி. "அது எண்பத்தொன்பதிலை. ஷெல்லுமில்லை ஒண்டுமில்லை. நான் பக்கத்திலை இருந்து முழங்கையாலை இடிச்சு இடிச்சுத்தான் எல்லாம் நடந்தது. எனக்கு ஆர் முதலிலை சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்லை. அடுத்த வருசம் ஷெல் வந்துது. ஊரிலை பாதிச் சனத்துக்குக் காது அடைச்சுது. அந்தப் பாதிக்குள்ளை இவரையும் தங்கச்சியையும் சேத்துவிட்டம். ஒருத்தரும் கேள்வி கேக்கேல்லை."

"என்னைப் பற்றி எப்ப தெரியும்?"

"நீ பள்ளிக்கூடத்திலை ஏ.எல். படிக்கேக்கை."

"ரெண்டாவது சோடி எனக்கோ?"

மனோகரி கையை நீட்டி, மகளின் தலைமயிரைக் காதுக்கு மேலால் இழுத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து செய்கிற அதே வேலை. "இப்பிடி விட்டால் தெரியாது பிள்ளை. பூ வைச்சால் சுத்தமாய்த் தெரியாது. எழுத்து முடிஞ்சு, தாலியும் ஏறட்டும். பிறகு மெல்ல மெல்லச் சொல்லலாம்."

"உங்களுக்குச் செய்ததைத்தானே அம்மா நாங்கள் மிரோஜனுக்குச் செய்யப்போறம்."

"தெரிஞ்சாப்பிறகு நான் என்ன, விட்டிட்டுப் போனனானே?"

"போறதுக்கு உங்களுக்கு வழி இருந்ததோ?"

மனோகரி கத்தியை எடுத்தாள். கத்தரிக்காய் முடிந்துவிட்டிருந்தது. வெட்டிய துண்டுகளையே இன்னும் சின்னதாக வெட்டத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கு நிலாந்தினி கிணற்றடிக்குப் போனாள். ஐயாத்துரை புகையிலைக் கன்றுப் பாத்தியில் காய்ந்த சருகுகளைக் கிள்ளிக்கொண்டு குந்தியிருந்தார். அவர் முன்னால் போய் அவளும் குந்தினாள். கத்தவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அப்பா, எனக்கும் கேக்காதாம்."

அவருக்கு விளங்கியது. அவருடைய மறுமொழியும் மெதுவாகத்தான் வந்தது.

"எனக்குத் தெரியும். நீ ரெண்டாம் வகுப்பிலையே ஆக்களின்ரை வாயைப் பாத்துத்தான் கதைப்பாய். அது எங்கடை ஆக்களின்ரை பார்வை. தங்கச்சிக்கும் இருந்தது."

"ஏன் சொல்லேல்லை?"

அவர் சருகை நசுக்கிக் கீழே போட்டார். "நான் முப்பத்தஞ்சு வருசமாய் அந்த ஷெல்லுக்குப் பின்னாலை ஒளிச்சிருந்திட்டன். உனக்கு ஒளிக்க ஒரு ஷெல்லும் இல்லையே பிள்ளை. என்னத்தைச் சொல்ல?"

நிலாந்தினி எழும்பி வந்தாள். சாமி அறை யன்னல் இன்னும் சாத்தியபடியே இருந்தது. உள்ளே கர்ப்பூர மணமும் காலையில் அடைத்த சூடும். போனில் தர்சனின் செய்தி: 'அனுப்பியாச்சோ? நாலு மணிக்குப் பூட்டிப்போடுவாங்கள்.'

முதலில் அப்பாவின் படிவம். சீழ் வடிந்ததா? ஆம். ஒரு காது மோசமா? ஆம். இரண்டாவது 'ஆம்' போட்டதும் திரையில் ஒரு வசனம் வந்தது: மன்னிக்கவும், வைத்தியரைக் காணவும். படிவம் தானாக மூடிக்கொண்டது. அப்பாவின் வலது காதை அது காப்பாற்றிவிட்டது. வெள்ளிக்கிழமையைக் காப்பாற்றவில்லை.

அடுத்தது தன்னுடையது. சீழ்? இல்லை. தலைச்சுற்று? இல்லை. ஒரு காது மோசமா? இல்லை, இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றிலும் பொய் எழுதவேண்டியிருக்கவில்லை. கடைசிக் கட்டம் பச்சையாக மினுங்கியது: அனுப்புக.

மூன்று முப்பத்தைந்து.

அமத்தினால் வியாழக்கிழமை வரும். வெள்ளிக்கிழமை பதிவாளர் கேட்பது கேட்கும். மிரோஜன் பக்கத்தில் இருந்து மெல்லிசாக ஏதும் சொன்னால் அதுவும் கேட்கும். தலைமயிரை இழுத்துவிட்டால் போதும். இன்றைக்கு, நாளைக்கு, பிள்ளை பிறக்கும்போது, அந்தப் பிள்ளையும் வாயைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கும்போது. அப்போது எதைச் சொல்வது? அதற்கும் ஒரு கதை தேடவேண்டும். அம்மாவுக்கு ஒரு யுத்தமாவது கைகொடுத்தது.

கதவின் கீழே சாரத்துக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு நிழல் வந்து நின்றது. அம்மாவின் கால்கள். தட்டவில்லை. காத்துக்கொண்டு நின்றாள்.

நிலாந்தினி கைப்பையைத் திறந்தாள். கந்தோர்த் துண்டு ஒன்று அடியில் கிடந்தது. அதை முழங்காலில் வைத்து, யாருக்கும் நீட்டிச் சொல்வதைத் தானே செய்தாள். என்ன அலுவல் என்று எழுதினாள்.

*பிரியவதனி அக்கா, திங்கட்கிழமை உங்கடை கிளினிக்குக்கு இரண்டு பேர் வரவேணும். அப்பா. நான்.*

எழுதியதை ஒருதரம் வாசித்தாள். வெட்டவும் கூட்டவும் ஒன்றும் இருக்கவில்லை. போனில் அப்படியே எழுதி அனுப்பினாள்.

இரண்டு நிமிடம். மறுமொழி வந்தது.

'எட்டு மணிக்கு முதல் வாரும், சனம் குறைவு. உமக்கும் இருக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. மிரோஜனுக்குச் சொல்லிப்போட்டீரோ? இல்லாட்டி நான் சொல்லவோ?'

கடைசிக் கேள்வியை அவள் திருப்பித் திருப்பி வாசித்தாள். அன்பாகக் கேட்கிறாளா, தவணை வைக்கிறாளா? எழுத்தில் எல்லாம் தெளிவாக இருக்கும் என்று நம்பி இவ்வளவு காலமும் இருந்துவிட்டாள். எழுத்துக்கும் முகம் இல்லை.

மறுமொழி எழுத விரலை வைத்தபோது போன் கைக்குள் அதிர்ந்தது. திரையில் மிரோஜனின் பெயர். கேட்காமல் அவன் ஒருநாளும் கோல் எடுத்ததில்லை. அக்காள் சொல்லிவிட்டாளா? அல்லது கதிரை விசயமாக, மேளகாரர் விசயமாக, வேறேதும் விசயமாகவா?

வேறு யாரும் எடுத்தால் வழக்கமாக அவள் வெட்டிவிட்டு, 'வேலையாய் இருக்கிறன், எழுதுங்கோ' என்று போடுவாள்.

யன்னல் கொளுக்கியைக் கழற்றினாள். சோழகம் ஒரு தள்ளுத் தள்ளி உள்ளே புகுந்தது. வெளியே பனைகள் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தன. பெரும் சத்தம் போடுகின்றன போலும்.

அவள் போனை எடுத்து வலது காதில் அழுத்திப் பிடித்தாள்.

"மிரோஜன், உரத்துக் கதையுங்கோ. எனக்குக் காது கேக்கிறது குறைவு. சின்னனிலை இருந்து."

சொல்லி முடிந்துவிட்டது. கதவின் கீழ் நின்ற நிழல் அசையவில்லை.

மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பேசாமல் இருக்கிறானா, பேசிக்கொண்டிருப்பது தனக்குக் கேட்கவில்லையா என்று நிலாந்தினிக்குத் தெரியவில்லை. போனை இன்னும் இறுக்கி அழுத்தியபடி நின்றாள்.